ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்குச் செய்தி ஏன் போவதில்லை? திறந்த நெறிமுறைகளும் நம் கரையோர மக்களும்

#1 மண்டபம்_வடகரை

மண்டபத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது, “போனில் இடமில்லை, எதையாவது அழித்துக் கொடுங்கள்” என்பதுதான். திறந்து பார்த்தால் வாட்ஸ்அப், டெலிகிராம், ஐ.எம்.ஓ., போட்டிம், வைபர், மெசஞ்சர் எல்லாம் வரிசையாக இருக்கும். எதை அழிப்பது என்று கேட்டால் எதையும் அழிக்கக் கூடாது என்பார்கள். ஐ.எம்.ஓ.வில் சவுதியில் இருக்கும் மச்சான், போட்டிமில் துபாயில் இருக்கும் மகன், வைபரில் யாழ்ப்பாணத்து அத்தை, டெலிகிராமில் பிள்ளையின் போட்டித் தேர்வு வகுப்பு. ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு செயலி வேண்டியிருக்கிறது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. படகில் வி.எச்.எஃப். ரேடியோ செட் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். எதிர்ப்படகில் இருப்பது எந்தக் கம்பெனி செட் என்று யாரும் கேட்பதில்லை. 16ஆம் சேனலில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், உதவி கேட்டுக் குரல் கொடுத்தால் அந்தச் சேனலைக் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துப் படகுக்கும் கேட்கும், கடலோரக் காவல்படைக் கப்பலுக்கும் கேட்கும். எந்த அலைவரிசையில், எந்த முறையில் பேசுவது என்பது உலக நாடுகள் ஒத்துக்கொண்ட பொது விதி. அந்த விதியைப் படித்து எந்தக் கம்பெனியும் செட் செய்து விற்கலாம். இதைத்தான் திறந்த நெறிமுறை என்கிறோம்.

அரட்டைக்கும் இப்படிப் பொது விதிகள் உண்டு. 1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் என்ற அமெரிக்க நிரலாளர் ஜாபர் என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார். இணையத்தின் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2004இல் அதை எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் தரமாக ஏற்றது. 2014இல் மேட்ரிக்ஸ் என்ற இன்னொன்று வந்தது. இரண்டும் மின்னஞ்சல் போலத்தான். உங்கள் முகவரியில் உங்கள் பெயரும், நீங்கள் கணக்கு வைத்திருக்கும் சர்வரின் (செய்திகளை வாங்கி அனுப்பும் கணினியின்) பெயரும் இருக்கும். என் சர்வர் வேறு, உங்கள் சர்வர் வேறு, இருவர் கையிலும் இருக்கும் செயலியும் வேறு. ஆனாலும் செய்தி போய்ச் சேரும்.

இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்கள். எனக்கு என்னவோ இதனால் அதிக நன்மை கிடைக்க வேண்டியது கடைக்கு வரும் இந்த மக்களுக்குத்தான் என்று படுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 கீழக்கரை_லாத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி எழுதியது எங்கள் வீட்டுக் கதைதான். மூத்தவன் துபாய், இளையவன் ரியாத், மகள் கோலாலம்பூர். துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதினால் வருகிறது, ஆனால் பேச முடியாது. அதனால் அவனுக்காகப் போட்டிம் வைத்திருக்கிறேன். இளையவன் வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் ஐ.எம்.ஓ. என்று அதையும் ஏற்றச் சொன்னான். மூன்று பிள்ளைகளையும் ஒரே குழுவில் வைத்துப் பேசுவது பெருநாள் அன்றுகூட நடப்பதில்லை. இந்தத் திறந்த முறை வந்தால் துபாய்க்குப் பேச முடியுமா? அதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

#3 தொண்டி_நெட்வொர்க்

லாத்தா, அது முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அமீரகத்தில் இணையவழிப் பேச்சுக்கு அரசு அனுமதி பெற்ற சேவைகளைத்தான் விடுகிறார்கள். அது அந்த நாட்டுச் சட்டம். நெறிமுறை திறந்ததாக இருப்பதால் சட்டம் மாறாது. பேச்சுக்குப் போட்டிமை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம், மூன்று பிள்ளைகளும் ஒரே குழுவில் சேர முடியவில்லை என்பது, செயலிகள் ஒன்றோடொன்று பேசாததால் வந்தது. எக்ஸ்.எம்.பி.பி.யில் நீங்கள் ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் வைத்திருக்கலாம், மகள் ஐபோனில் மோனல் வைத்திருக்கலாம், மகன் அலுவலகக் கணினியில் கஜீம் திறந்திருக்கலாம். மூன்றையும் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள். குழு ஒன்றுதான். ஒருவருக்குப் பிடித்த செயலியை இன்னொருவர் ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. கண் மங்கிய பெரியவருக்கு எழுத்து பெரிதாகத் தெரியும் செயலி, பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் கருவியோடு நன்றாக ஒத்துப்போகும் செயலி என்று அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெரியவருக்காகப் பேரன் செயலியை மாற்ற வேண்டியதில்லை.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிக்னல் செயலியின் மறையாக்க முறையைத்தான் வாட்ஸ்அப்பும் 2016இலிருந்து பயன்படுத்துகிறது. பூட்டு ஒரே வகைப் பூட்டு. அப்படியிருந்தும் சிக்னலில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் இருப்பவருக்கு நேரடியாக ஒரு வரி அனுப்ப முடியாது. வாட்ஸ்அப் தன் தொடக்கத்தில் எக்ஸ்.எம்.பி.பி.யைத் தன் தேவைக்கு வெட்டிச் சுருக்கித்தான் எடுத்துக்கொண்டது. ஈஜாபர்டி என்ற திறந்த மூல எக்ஸ்.எம்.பி.பி. சர்வர்தான் அதன் அடித்தளமாக இருந்தது. பொது விதியில் பிறந்த ஒன்று தானாக வெளியாட்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. இதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை, வியாபாரக் கணக்குதான்.

டவர் விட்டு விட்டு வரும் நம் பகுதிக்கு இன்னொரு விஷயம் முக்கியம். எக்ஸ்.எம்.பி.பி.யில் எந்தச் செய்தி வரை சர்வருக்கு வந்து சேர்ந்தது என்று இரண்டு பக்கமும் கணக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. இணைப்பு அறுந்து திரும்பக் கிடைத்ததும் அந்தக் கணக்கை ஒப்பிட்டு, விடுபட்டதை மட்டும் அனுப்பும். வெறும் எழுத்துச் செய்திக்கு மிகக் குறைந்த டேட்டா போதும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் வேகம் குறைந்துவிடும் இடத்தில் இது உதவும். டவரே இல்லாத ஆழக்கடலில் எந்த அரட்டைச் செயலியும் வேலை செய்யாது. அங்கே வி.எச்.எஃப்.தான்.

#4 பெரியபட்டினம்_87

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை என்று நினைக்கிறேன்.

கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் 2005இல் எக்ஸ்.எம்.பி.பி.யில்தான் வந்தது. 2006இல் வெளி சர்வர்களோடும் பேச விட்டார்கள். அப்போதும் இதே பேச்சுதான், இனி அரட்டை மின்னஞ்சல் மாதிரி ஆகிவிடும் என்றார்கள். 2013இல் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸ் வந்ததும் அந்த வெளித் தொடர்பைக் கைவிட்டார்கள். பெரிய கம்பெனி உள்ளே வந்து, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனால் உங்கள் நெறிமுறை என்ன செய்யும்?

அடுத்து, பொது விதியை மாற்றுவது சுலபமில்லை. சிக்னலை உருவாக்கிய மாக்சி மார்லின்ஸ்பைக் 2016இல் இதைத்தான் எழுதினார். பல பேர் நடத்தும் சர்வர்கள், பல பேர் செய்யும் செயலிகள் என்றால் ஒரு புது வசதியை எல்லாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கவே ஆண்டுகள் ஆகும் என்பது அவர் வாதம். மின்னஞ்சலைப் பாருங்கள். 1982இல் எழுதிய விதி இன்னும் ஓடுகிறது, ஆனால் இன்றைக்கும் சாதாரணமாக அனுப்பும் மின்னஞ்சல் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்க முடிகிற பூட்டு) இல்லாமல்தான் போகிறது. வாட்ஸ்அப் ஒரு முடிவெடுத்து அத்தனை பேருக்கும் பூட்டுப் போட்டுக் கொடுத்தது.

அப்புறம், இதில் நம் ஆட்கள் யாரும் இல்லை. யாரும் இல்லாத சந்தைக்கு மீனைக் கொண்டுபோய் என்ன செய்வது?

#5 தங்கச்சிமடம்_விசைப்படகு

எனக்கு இந்த நெறிமுறைப் பெயர்கள் எல்லாம் புதிது. ஆனால் எங்கள் ஊரில் நடப்பதை எழுதுகிறேன், இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று படித்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் படகோடு போனும் போய்விடும். சிறையில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிற பையனிடம் எதுவும் இருக்காது. ரீசார்ஜ் இல்லாமல் சிம் செத்துப் போயிருக்கும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் திரும்பி வந்தபோது அவன் எண் ஏதோ ஒரு வெளியூர்க்காரருக்குப் போய்விட்டிருந்தது. அவன் அனுப்பிய, அவனுக்கு வந்த செய்தி எல்லாம் அந்த எண்ணோடு கட்டியிருந்தது. குழந்தை பிறந்தபோது வீட்டார் எடுத்து அனுப்பி வைத்திருந்த படங்களும் அதில்தான். பல குழுக்களில் அவன் பெயரில் அந்தப் புது ஆள் இருப்பது போல ஆகிவிட்டது. படகுக் கணக்கு போடும் குழுவுக்கு அவன்தான் அட்மின். அந்தக் குழுவை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

எண் இல்லாமல் கணக்கு வைக்கலாம் என்றால் அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

#6 மண்டபம்_வடகரை

அண்ணே, தொடர்பு நேரடியாகவே இருக்கிறது. எழுதியதற்கு நன்றி.

120 நாள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் கணக்கு பொதுவாக நீக்கப்படும் என்பது வாட்ஸ்அப்பே வெளியிட்டிருக்கும் விதி. எங்கோ பூட்டிவைக்கப்பட்ட ஒருவனுக்கு 120 நாள் என்பது சீக்கிரம் வந்துவிடும். எக்ஸ்.எம்.பி.பி.யிலும் மேட்ரிக்ஸிலும் பல சர்வர்களில் கணக்கு தொடங்கப் பெயரும் கடவுச்சொல்லும் போதும். சிம் செத்தாலும் போன் போனாலும் கரைக்கு வந்து வேறு யாருடைய போனிலாவது கடவுச்சொல்லைப் போட்டால் முகவரி திரும்பக் கிடைக்கும், தொடர்புப் பட்டியல் திரும்பக் கிடைக்கும். அந்த எண்ணை வாங்கிய வெளியூர்க்காரர் இந்தக் கணக்குக்குள் நுழையவே முடியாது. மறையாக்கம் போட்ட பழைய செய்திகளை மட்டும் புது போனில் திறக்க முடியாமல் போகலாம். அதற்குச் சாவியையோ காப்புப் பிரதியையோ முன்பே வீட்டில் யாரிடமாவது கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

#7 பெரியபட்டினம்_87

அந்தச் சர்வரை நடத்துபவர் நாளைக்குச் செலவு தாங்காமல் மூடிவிட்டால்? அப்போதும் முகவரி போய்விடுமே. கம்பெனிக்குப் பதில் யாரோ ஒருவரை நம்பச் சொல்கிறீர்கள், அவ்வளவுதானே?

#8 தொண்டி_நெட்வொர்க்

நல்ல கேள்வி. இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இலவசமாகத் தரும் பொது சர்வரில் கணக்கு வைத்தால் அது மூடப்படலாம். மூடினால் அந்த முகவரி போய்விடும், உண்மை. தொடர்புகளிடம் புது முகவரியைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அந்தத் தொடர்புகள் யாரும் இடம் மாற வேண்டியதில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து உங்கள் புது முகவரிக்கு எழுதலாம். தனிக் கம்பெனியின் செயலி மூடப்பட்டால் எல்லாரும் ஒன்றாக வீடு மாற வேண்டும். ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடியது, யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில், நம் நாட்டு ஹைக் 2021 ஜனவரியில். நெறிமுறை பொதுவாக இல்லாததால் அந்தத் தொடர்பு வலைகளை வேறு யாரும் எடுத்துத் தொடர முடியவில்லை.

முகவரி நிரந்தரமாக வேண்டும் என்றால் சொந்தமாக ஒரு டொமைன், அதாவது இணையப் பெயர், வாங்கிக்கொள்ளலாம். ஒரு சாதாரண .இன் பெயர் பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதன்பின் சர்வர் நடத்துபவர் சரியில்லை என்றால் பெயரை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம், முகவரி மாறாது. ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கமோ ஜமாஅத்தோ பங்குப் பேரவையோ பழைய மாணவர் சங்கமோ இதைச் செய்தால் ஓர் ஆளுக்கு வரும் செலவு மிகக் குறைவு. புரோசடி என்ற சர்வர் மென்பொருள் சின்னக் கணினியிலேயே ஓடும். அதன்மேல் கட்டிய ஸ்னிக்கெட் என்ற ஏற்பாட்டில் அழைப்பு இணைப்பை அனுப்பினால் போதும். வந்தவர் அதைத் தொட்டுப் பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம்.

நம் நாட்டிலேயே பிராவ் என்ற எக்ஸ்.எம்.பி.பி. சேவை இருக்கிறது. பயன்படுத்துகிறவர்களே உறுப்பினர்களாகி நடத்தும் கூட்டுறவாக அதைக் கொண்டுவர வேண்டும் என்பது அதைத் தொடங்கியவர்களின் நோக்கம். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். அதில் போன் எண்ணைக் கொடுத்தும் சேரலாம் என்பதால் பெரியவர்களுக்குச் சுலபம். ஆனால் மேலே அண்ணன் எழுதிய சிம் சிக்கல் இருப்பவர்கள் எண் கேட்காத சர்வரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கூகுள் டாக் விஷயத்தில் நடந்ததை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். அதில் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. கூகுள் வெளித் தொடர்பைக் கைவிட்டபோது கூகுளில் இருந்தவர்களோடான பேச்சுதான் அறுந்தது. மற்ற சர்வர்களில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். 1999இல் தொடங்கியது இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்போதிருந்த கம்பெனி அரட்டைச் செயலிகளில் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

மறையாக்கம் பற்றி: எக்ஸ்.எம்.பி.பி.யில் ஓமேமோ என்ற முனைக்கு முனை மறையாக்கம் 2015இலிருந்து இருக்கிறது. சிக்னல் முறையிலிருந்துதான் அதை எடுத்தார்கள். 2023 ஜூலையில் குழு அரட்டைகளுக்கென்றே எம்.எல்.எஸ். என்ற பொது மறையாக்கத் தரத்தை ஐ.இ.டி.எஃப். வெளியிட்டது. மெதுவாகத்தான் நகர்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் யார் யாரோடு பேசுகிறார் என்ற விவரம் சர்வர் நடத்துபவருக்குத் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். செய்திக்குள் இருப்பதுதான் அவருக்குத் தெரியாது. அதனால் சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

#9 சாயல்குடி_டீச்சர்

நான் பள்ளி ஆசிரியை. எண் இல்லாமல் கணக்கு என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னதை நான் நிறுத்திப் பேச விரும்புகிறேன்.

வகுப்புக்கு ஒரு பெற்றோர் குழு வைத்திருக்கிறோம். அதில் சேர்ந்த உடனே ஒவ்வொரு தாயின் எண்ணும் மற்ற அனைவருக்கும் தெரிகிறது. அதில் யாருடைய அண்ணன், யாருடைய சித்தப்பா இருக்கிறார் என்று எங்களுக்கே தெரியாது. கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும் பெண்கள் இங்கே அதிகம். இரவில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு, ‘ஹாய்’ என்று செய்தி. இதற்குப் பயந்து குழுவிலிருந்து வெளியேறிய தாய்மார்கள் இருக்கிறார்கள். வெளியேறியதால் விடுமுறை அறிவிப்பும் தேர்வு அட்டவணையும் அவர்களுக்குப் போவதில்லை. நஷ்டம் பிள்ளைக்கு.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களிலும் இதே நிலைதான். கூட்டத் தகவல், கடன் தவணை எல்லாம் போனில்தான் வருகிறது. பல வீட்டில் போன் கணவருடையது அல்லது மகனுடையது. தனக்கென்று ஒரு முகவரி இருந்து, அதை எந்தப் போனிலிருந்தும் திறந்து பார்க்கலாம் என்றால் அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வசதி! எழுதத் தெரியாதவர்கள் குரல் பதிவு அனுப்புவார்கள், அது போனால் போதும்.

எண்ணை மறைக்கும் வசதி சில தனியார் செயலிகளிலும் இருக்கிறது என்று தெரியும். ஆனால் அதை இன்று கொடுப்பதும் நாளை எடுப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. எங்களுக்கு உறுதியான ஒன்று வேண்டும்.

#10 கீழக்கரை_லாத்தா

டீச்சர் எழுதியது முழுக்க உண்மை. என் மருமகள் இதனால்தான் இரண்டு குழுவிலிருந்து வெளியே வந்தாள்.

#11 மண்டபம்_வடகரை

டீச்சர், இப்படி ஒரு பதிவுக்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். எண் கேட்காத சர்வரில் கணக்கு வைத்தால் எக்ஸ்.எம்.பி.பி. குழுவில் போன் எண்ணுக்கே இடமில்லை. பட்டப்பெயர்தான் தெரியும். குழுவை அமைக்கும்போது முகவரிகளையும் உறுப்பினர்களுக்குக் காட்டாமல், நடத்துபவருக்கு மட்டும் தெரிவது போல வைக்கலாம். ஆனால் ஓமேமோ மறையாக்கம் போட்ட குழுவில் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். பெற்றோர் குழு அறிவிப்புக்கு மறையாக்கம் இல்லாமல் முகவரி மறைத்த குழுவை வைப்பது பொருத்தமாக இருக்கும்.

பெரியபட்டினம் நண்பர் கேட்ட “நம் ஆட்கள் யாரும் இல்லையே” என்பதற்கு வருகிறேன். ஆட்கள் தானாக வந்துவிட மாட்டார்கள் என்பது சரிதான். பணம் அனுப்புவதில் என்ன நடந்தது? 2016இல் வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் ஏற்பாட்டை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்பு யு.பி.ஐ.யைக் கொண்டுவந்தபோது எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் போக வேண்டும் என்று விதியிலேயே வைத்தார்கள். அதற்கு முன்னால் 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தது. இரண்டும் கம்பெனிகள் தாமாக மனமுவந்து கொடுத்தவை அல்ல. மேலே இருந்து விதி போட்டதால் வந்தவை.

அரட்டையில் ஐரோப்பா அதைத் தொடங்கியிருக்கிறது. அங்கே டிஜிட்டல் சந்தைகள் சட்டம் 2022 நவம்பரில் அமலுக்கு வந்தது. மிகப் பெரிய அரட்டைச் சேவைகள், மற்ற சேவைகள் கேட்டால் தொடர்பு கொடுத்தே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முதலில் இருவருக்கிடையே செய்தி, படம், குரல் பதிவு. அப்புறம் குழு. கடைசியாக நேரடிப் பேச்சு. இப்படிப் படிப்படியாகக் கெடு வைத்திருக்கிறார்கள். அந்த உரிமை ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். வாட்ஸ்அப்புக்கு உலகிலேயே மிகப் பெரிய சந்தை இந்தியா. நாம் கேட்காமல் நமக்கு யார் கொடுப்பார்கள்? நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுக்கும்போது துறைமுகம், பாலம், தடைக்கால நிவாரணம் என்று எழுதுகிறோம். அதில் இதையும் ஒரு வரியாக எழுத வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக் கம்பெனியின் இணைய வழித்தட அமைப்பில் நடந்த கோளாறால் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. ஒரே கம்பெனியின் ஒரே வாசல் என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டார்கள். அந்த இரவில் புயல் எச்சரிக்கை இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். தனுஷ்கோடி 1964ஐப் பார்த்த மாவட்டம் இது. எச்சரிக்கைக்கு ஒற்றைக் கம்பெனியை நம்பி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பல சர்வர் இருந்தால் ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும்.

#12 பெரியபட்டினம்_87

சட்டம் வந்தால் நான் மகிழ்ச்சியோடு ஆதரிப்பேன். பெரிய செயலிக்குள்ளிருந்து வெளியே கதவு திறந்தால்தான் நம் மக்களுக்கு உண்மையான பயன். அதுவரை இது சிறு கூட்டத்துக்குத்தான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

அரசு பற்றிப் பேசியதால் இன்னொன்று. 2023 மே மாதம் மத்திய அரசு 14 செயலிகளைத் தடை செய்ததாகச் செய்தி வந்தது. அதில் மேட்ரிக்ஸின் எலிமென்ட் செயலியும் இருந்தது. பள்ளிக் குழுவையும் படகுக் குழுவையும் கொண்டுபோய் அப்படிப்பட்ட இடத்தில் வைத்தால், ஒரு நாள் காலையில் நின்றுபோனால் யார் பொறுப்பு?

#13 தொண்டி_நெட்வொர்க்

தடை எலிமென்ட் என்ற ஒரு செயலியின் பெயரில் வந்தது. மேட்ரிக்ஸுக்குச் செயலிகள் பல. எலிமென்ட் பயன்படுத்தியவர் ஃபிளஃபிசாட் போன்ற வேறொன்றில் அதே கணக்கோடு, அதே குழுவில் தொடர முடியும். தனிக் கம்பெனியின் செயலி தடைபட்டால் இதற்கு வழியே இல்லை. அதே மேட்ரிக்ஸில்தான் பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கு ட்சாப் என்ற செயலியை 2019இல் கொண்டுவந்தது. ஜெர்மன் ராணுவமும் மேட்ரிக்ஸில் அமைந்த செயலியைப் பயன்படுத்துகிறது. ஆகவே அரசுகளே நம்பி எடுத்துக்கொண்ட நெறிமுறை இது. நம் அரசுக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியதுதான்.

சிறு கூட்டத்துக்குத்தான் என்றீர்கள். இப்போதைக்கு ஆமாம். லாத்தா வீட்டில் நான்கு பேர், அந்த நான்கு பேரும் வந்தால் அவர்களுக்குப் பயன் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. ஊர் முழுக்க வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

#14 ஏர்வாடி_மாணவி

கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் வீட்டில் மாமாவிடம் போய் வாட்ஸ்அப்பை விடுங்கள் என்று சொன்னால் நடக்காது. எங்கிருந்து ஆரம்பிப்பது? கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள்.

#15 மண்டபம்_வடகரை

யாரையும் எதையும் விடச் சொல்லாதே தங்கச்சி. கூடுதலாக ஒன்று என்று மட்டும் சொல். முதலில் நீயும் உன்னோடு தினமும் பேசும் ஒருவரும். ஆண்ட்ராய்டு என்றால் கான்வர்சேஷன்ஸ். கூகுள் பிளேயில் காசு கேட்கும், எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற மென்பொருள் களஞ்சியத்தில் இலவசம். ஐபோன் என்றால் மோனல். பெயர் வைக்கும்போது பிறந்த தேதி, போன் எண் எதையும் சேர்க்காதே. கடவுச்சொல்லை வீட்டு நோட்டில் எழுதி வை, மறந்தால் திரும்பக் கேட்டு வாங்கச் சில சர்வர்களில் வழி இருக்காது.

என் கடைக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடுத்ததில் அதிகம் வந்த புகார், “செய்தி தாமதமாக வருகிறது” என்பது. பெரும்பாலும் போன் பேட்டரியை மிச்சப்படுத்த அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய், அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று வை. சில போன்களில் தானாகத் தொடங்கும் அனுமதியும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

#16 தங்கச்சிமடம்_விசைப்படகு

தம்பி, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? நாங்கள் சில பேர் போனோடு வருகிறோம். படகுக் குழுவை இதில் ஒன்று தொடங்கிப் பார்ப்போம். பழைய குழுவும் இருக்கட்டும்.

#17 மண்டபம்_வடகரை

வாங்க அண்ணே. திருப்பலி முடிந்து வாங்க, கடை திறந்திருக்கும். கடவுச்சொல் எழுதி வைக்க ஒரு நோட்டு கொண்டு வாங்க.

#18 கீழக்கரை_லாத்தா

மகளும் நானும் போட்டுப் பார்த்தோம். அவள் மோனல், நான் கான்வர்சேஷன்ஸ். எழுத்து போகிறது, குரல் பதிவு போகிறது, படமும் போகிறது. பேரன் ஆடிய வீடியோவை அனுப்பினால் மட்டும் ஏற்க மாட்டேன் என்கிறது. ஏன்?

#19 தொண்டி_நெட்வொர்க்

லாத்தா, கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஒவ்வொரு சர்வரும் ஓர் அளவு வைத்திருக்கும். வீடியோ அதைத் தாண்டியிருக்கும். கான்வர்சேஷன்ஸ் அமைப்புகளில் வீடியோ தரம் என்று ஒன்று இருக்கும், அதைக் குறைத்து வைத்து மறுபடி அனுப்புங்கள். அப்படியும் போகவில்லை என்றால் உங்கள் சர்வர் நடத்துபவருக்கு எழுதிக் கேளுங்கள், அந்த அளவைக் கூட்டுவது அவர் கையில் இருக்கிறது.